போண்டா என்றால் ஒரு சுற்று

அன்பு மகன் தனேஸ்வரனுக்கு, லகாட்டிலிருந்து அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் நலம், பெர்த் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கச்சி பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் தாள் எடுத்தேன்.

சாந்தினிக்குப் பதினைந்து வயதில் எண்பத்திரண்டு கிலோ என்று பள்ளிக்கூடத்தில் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் பரம்பரை உடம்பு என்று நான் வாதாடினேன். அங்கிருந்த தாதி, பரம்பரையும் உண்டு, ஆனால் தினமும் நான் வாங்கி வரும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, அம்மா கொடுக்கும் டின்பால் தேத்தண்ணீர், தூக்கத்தைக் கெடுக்கும் போன் எல்லாமும் உண்டு என்று என் வாயை அடைத்துவிட்டார். பட்டினி போடக்கூடாதாம், தட்டில் பாதி காய், நேரத்தோடு தூக்கம், தினம் நடை, வீட்டில் எல்லோருக்கும் அதே சாப்பாடு. என் தட்டில் அம்மா வைத்த பாதி காயைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவளைத் தனியாக விசாரித்துவிட்டுத் தாதி சொன்னதுதான் சுட்டது. வீட்டில் நாம் பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுவதால் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வெட்கப்பட்டு, அறைக்குள் ஒளித்து வைத்து இன்னும் அதிகமாகச் சாப்பிடுகிறாளாம். ஆறு மாதமாகத் தட்டோடு அறைக்குப் போனதை நான் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேனய்யா. வெட்கமாகிவிட்டது. உடனே மன்னிப்புக் கேட்டேன், எப்படி என்றால், மன்னிச்சிடும்மா போண்டா என்று! பழக்கதோஷம்.

அன்றே அவள் சட்டம் போட்டாள், அந்தப் பேரைச் சொன்னவர் திடலை ஒரு சுற்று நடக்க வேண்டும். முதல் நாளே எனக்கு ஒன்பது. பூப்பந்து மண்டபத்துக்குப் பின்னால் குறுக்கே புகுந்து வந்தேன், பிடித்துவிட்டாள், இது சேராது லா, மறுபடி நடங்க என்றாள். அதிலிருந்து நம்பிக்கை இல்லாமல் கூடவே நடந்து எண்ணினாள். மூன்று மாதத்தில் எனக்கு ஆறு கிலோ போச்சு, அவளுக்கு மூன்று. வளரும் பிள்ளைக்கு மெதுவாகக் குறைந்தால் போதும் என்று தாதிக்கும் சந்தோஷம். இப்போது நான் வாய் தவறுவதில்லை, ஆனாலும் சாயங்காலம் சப்பாத்து போட்டுக்கொண்டு, சும்மா நடப்போம்பா என்கிறாள். சாப்பாட்டுக்கும் எங்களோடு உட்காருகிறாள்.

போன ஞாயிறு வீடியோ காலில் நீ ஐந்து தடவை போண்டா என்றாய். உனக்குத் தெரியாது, உன்மேல் கோபமில்லை, நான்தானே பழக்கிவிட்டேன். ஆனால் அன்று அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். இந்த ஞாயிறு மறக்காமல் கூப்பிடு, சாந்தினி என்று கூப்பிடு. தீபாவளிக்கு வரும்போது நல்ல சப்பாத்து கொண்டு வா, உனக்கு ஐந்து சுற்று பாக்கி. கூடவே நடந்து எண்ண அவள் காத்திருக்கிறாள்.

பாதி காயோடு போராடும்,
உன் அப்பா பத்துமலை