குழாய்க்காரர் சொன்ன பதில்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவுக்கு இதய வால்வை மாற்றியே ஆகவேண்டுமாம். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மூத்தவன் அண்ணன், கையெழுத்து மட்டும் எப்போதும் என்னுடையது. அவனுக்கு ஃபோன் செய்தேன். "உடனே வரேன்டா" என்றான். இளவயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் பறந்தவன், கடைசியாக வந்துபோன பிறகு பன்னிரண்டு வருடமாக வந்துகொண்டேதான் இருக்கிறான்.

மார்ச் 6, வியாழன்

ஆற்றுப்பாலத்தை ஆய்வு செய்தோம். மூன்றாவது தூணில் விரிசல். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பெண், "தாங்கும்னு எழுதிடலாமா சார்?" என்றாள். "தெரியாததை எழுதாதம்மா" என்றேன். முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

சிறுவயதில் பாலத்தில் நின்று ஓடும் தண்ணீரையே பார்த்தால் பாலம் கப்பலாகிக் கிளம்பிவிடும். இன்றும் நின்று பார்த்தேன். கிளம்பவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வீட்டின் பின்புறம் போனான்.

"டேய், குழாய்க்காரர் வாய ஏண்டா அடைச்ச?"

மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைச் சாக்கடையோடு இணைத்தது நான்தான். "முற்றமெல்லாம் பாசி. அம்மா வழுக்கி விழுந்தாங்க. இங்க இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

குழாய்க்காரர்! அந்தக் குழாய்க்குள் ஒரு கிழவர் குடியிருந்தார். அவருக்குத் தெரியாததே கிடையாது. கீழ்முனையில் வாய்வைத்துக் கேட்பேன்: தொலைந்த பந்து எங்கே? மீன் தூங்குமா? கரகரத்த குரலில் பதில் வரும். மாடியில் அண்ணன் குப்புறப் படுத்திருப்பான் என்று எட்டு வயதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்டேன். "அப்பா வருவாரா?"

"வருவார்" என்றது குழாய்.

வரவில்லை. அதன்பிறகு நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

மார்ச் 8, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு எதுக்கு அப்படிச் சொன்ன?" நாற்பத்து மூன்று வருடம் சுமந்த கேள்வி. எதைப் பற்றி என்று கேட்பான், திட்டித் தீர்த்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை. "எனக்குப் பதிமூணு வயசுடா. எனக்கும் யாரையாவது கேக்கணும்போல இருந்துச்சு. மேல யாரும் இல்ல."

திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் — எங்கே போயிற்று? எழுந்துபோய்க் காபி வாங்கிவந்தேன். அவனுக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

பிளம்பரை வரவழைத்துக் குழாயின் கீழ்முனையை அறுக்கச் சொன்னேன்.

"நல்லாத்தானே சார் இருக்கு? மழை பெஞ்சா முற்றம் குளமாயிடும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"அறுங்க."

மனைவி எட்டிப் பார்த்தாள். "அம்மாவோட சேர்த்து அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் அட்மிட் பண்ணிடலாம்."

பொழுது சாயும் நேரத்தில் மாடியில் குப்புறப் படுத்தேன். முட்டி வலித்தது. கீழே அண்ணனின் செருப்புச் சத்தம். வந்து நின்றான். பிறகு குழாய் வழியாக —

"இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரலைக் கரகரப்பாக்க வேண்டியிருக்கவில்லை.

"அம்மா வருவாங்களா?"

எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது.

"வருவாங்க" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களாடா?" என்றாள்.

மார்ச் 12, புதன்

அம்மா வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணனை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். இத்தனை நாளில் ஒருமுறைகூட, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் என்னைக் கேட்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு போனவன் திரும்பி, "குழாய மூடிடாதடா" என்றான். அவ்வளவுதான்.

மதியம் நல்ல மழை. பிளம்பர் சொன்னபடியே குழாயிலிருந்து கொட்டி, முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. "வழுக்கும், உள்ளே வாங்க" என்றாள் மனைவி. படியிலேயே உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பார்த்தபின், வீடு மெல்ல நகர ஆரம்பித்தது.