ஒரு வீசை இலவம்பஞ்சு

கார்த்திகை 6, சனி

விடாத தூறல். சட்டையில் ஆறாவது பை தைத்து முடித்தேன். இன்னும் இரண்டு. ஊசி மூன்று முறை விரலில்.

மறக்காமல் இருக்க:
– கப்பலில் மிதப்பதற்குக் கொடுக்கும் தக்கைச் சட்டை கனம். கழுத்தை அறுக்கும். (பள்ளிக்கூட நூலகத்துப் பத்திரிகையில் படித்தது.)
– இலவம்பஞ்சு தண்ணீர் குடிக்காது. தன் எடையைப்போல் பல மடங்கு தாங்கும்.
– ஒரே பையாக இருந்தால் ஒரு கிழிசலில் பஞ்சு முழுவதும் போய்விடும். ஆகவே எட்டுப் பை. இது என் யோசனை.
– பிடரிக்கு ஒரு பட்டை. மயங்கினாலும் முகம் மேலே நிற்கும். இதுவும்.

அண்ணனுக்குப் புதன்கிழமை ரயில். பம்பாய் போய், அங்கிருந்து பட்டாளத்துக் கப்பல். எந்த நாட்டுக்கு என்று சொல்லமாட்டார்களாம். வீடு தெப்பக்குளத்துக் கரையில், ஆனாலும் அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. பயந்துகொண்டு அம்மா படி இறங்க விட்டதே இல்லை. கடலைப் பார்த்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

7, ஞாயிறு

வானம் வெளுத்தது. சோதனை. தண்ணீருக்குள் ஆளின் எடை குறைந்துவிடும், அதனால் அம்மிக்குழவியே போதும். குழவியைச் சட்டைக்குள் கட்டி, கயிற்றோடு குளத்தில் விட்டோம். வைகைத் தண்ணீர் வந்து குளம் மேல்படி வரை.

பக்கத்து வீட்டு ராக்கு அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "என்னடி காமாச்சி, குழவிக்குத் தெப்பம் விடுறியா?"

அண்ணன்: "ஆமாத்தே, உங்க வீட்டு ஆட்டுக்கல்லையும் கொண்டாங்க. சோடியா விடுவோம்."

மிதந்தது! காலை 8 முதல் மதியச் சாப்பாடு வரை. அழுகை வந்துவிட்டது. "இம்புட்டுப் பஞ்சா என்னையத் தூக்கப் போகுது?" என்று அண்ணன் சட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

ஈரத்தோடு கொடியில் போட்டேன். காய்ந்ததும் மடித்துப் பெட்டியில் வைப்பதாக அம்மா சொன்னாள். நாளையும் மறுநாளும் பரீட்சை. பூகோளம் ஒன்றும் படிக்கவில்லை.

10, புதன்

ஸ்டேஷன். நெரிசல். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்து அண்ணனிடம் சத்தியம் வாங்கினேன். கப்பலில் இருக்கும்வரை சட்டையைக் கழற்றக் கூடாது.

"குளிக்கையில?"

"குளிக்க வேணாம்ணே."

"சரி ஆத்தா. நாறிக்கிட்டே போறேன்."

வண்டி நகர்ந்தது.

14, ஞாயிறு

வெயில். கட்டிலில் புதுத் தலையணை. படுத்தேன், எழுந்தேன். ஓரத்துத் தையலைப் பிரித்தேன். பஞ்சு பட்டுப்போல் கையில் வழுக்கியது. இலவம். நான் வாங்கி வந்த ஒரு வீசையைத் தவிர வீட்டில் இலவம் கிடையாது.

அம்மா புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா, நீ பரீட்சைக்குப் போன அன்னைக்கு மாத்துனேன். அந்தப் பஞ்சு பொடியாப் பறக்குது. அவனுக்கோ இளைப்பு. மூக்குல ஏறுனா என்னத்துக்கு ஆகும்? நம்ம காட்டுப் பருத்திடி, முத எடுப்பு. உன் கல்யாண மெத்தைக்குன்னு வச்சிருந்தேன். எட்டுப் பையிலயும் அதத்தான் திணிச்சேன். எம்புட்டு மெதுவா இருக்கும் தெரியுமா!"

முகமெல்லாம் சந்தோஷம்.

மிச்சமிருந்த பருத்திப்பஞ்சில் ஒரு வீசை எடுத்துப் பழைய பையில் திணித்தேன். குழவியைக் கட்டினேன். படித்துறையில் யாரும் இல்லை.

முதலில் மிதந்தது. சாமி, அம்மா செய்தது சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எண்ணத் தொடங்கினேன். நூறு. இருநூறு. பை கறுத்தது. முந்நூற்று நாற்பதில் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு கயிறு கையை விட்டு ஓடியது. குழவியும் போயிற்று.

தக்கைச் சட்டையையாவது போட்டுக்கொள்வான். போட்டுக்கொள்வானா? சத்தியம் வாங்கியிருக்கிறேனே.

15, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. தந்தி ஆபீஸ். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு குமாஸ்தா தாளைத் திருப்பித் தந்தார். "கப்பல்ங்கிற வார்த்தையே வரக்கூடாது தாயி. யுத்த காலம்."

மாற்றி எழுதினேன்: அம்மா பஞ்சை மாற்றிவிட்டாள். சட்டையைப் போடாதே.

"இதுக்கா தந்தி? ஒரு கார்டு போட்டாப் பத்தாதா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அனுப்பிடுறேன். பட்டாள நம்பருக்குப் போறது. எப்பக் கையில சேருமோ, அத நான் சொல்ல முடியாது."

17, புதன்

பதில் இல்லை. பூகோளத்தில் 31. அரபிக்கடலின் ஆழத்தைப் பாடப் புத்தகத்தில் தேடினேன். போடவில்லை.

அம்மா குழவியைத் தேடுகிறாள். தெரியாது என்றேன். ராக்கு அத்தை வீட்டில் போய் அரைத்து வந்தாள்.

22, திங்கள்

கடிதம்! நடுவில் இரண்டு வரி கறுப்பு மையால் அடித்திருந்தது. தேதி பார்த்தேன். 14. என் தந்திக்கு முந்தின நாள்.

"படிடி, சத்தமாப் படி" என்றாள் அம்மா.

படித்தேன். எல்லோரும் சௌக்கியமா. சாப்பாட்டில் உப்பில்லை. தங்கச்சி சட்டையை இப்போதே போட்டுக்கொண்டேன், குளிக்கவில்லை, பக்கத்தில் எவனும் படுப்பதில்லை. அம்மா சிரித்தாள். அடுத்த வரியை மனசுக்குள் படித்தேன்.

'இங்கே கொடுத்த தக்கைச் சட்டை ஆள் கணக்குக்குக் குறைவு. எனக்குத்தான் உன் சட்டை இருக்கிறதே, என்னுடையதை எழுமலை ஊர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். பாவம், அவனுக்கும் நீச்சல் தெரியாது.'

"ஏன் நிறுத்திட்ட? சட்டை இதமா இருக்குன்னு எழுதியிருக்கானா?"

"எழுதியிருக்குது."

கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

இதை எழுதும்போதே வாசலில் ராக்கு அத்தை சத்தம்: "மதினி! உங்க அம்மிக்குழவி குளத்துப் படியில கெடக்கு! குளிக்கையில கால்ல இடறுச்சு. எவளோ பஞ்சு மூட்டையில கட்டிப் போட்டிருக்கா, வந்து பாருங்க!"

அம்மா எழுந்து போகிறாள்.