சுரண்டிக்குக் குளம் வேண்டாம்

என் விரல்களில் இப்போது, கண்ணாடியை ஒட்டுகிற லப்பத்தின் வாசம். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் பாவாடையில், உன் பையில், நீ எனக்குப் பாதி பிய்த்துத் தந்த பன்னில்கூட இந்த வாசம்தான் இருக்கும். சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் தலை வலிக்கிறது என்று வகுப்பில் ஒருத்தி இடம் மாறிப் போனாள். அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தவள் நான். எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே, மீன் தொட்டிக்குப் பக்கத்தில், சிம்னி விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா எழுந்து வந்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போடுவார், எனக்கும் அடி விழும். ஆனாலும் இன்றைக்கு உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். காலையில் சுரண்டியை அய்யங்குளத்தில் விடப்போகிறார்கள்.

உன்னைப் போலவே நானும் அத்தா என்று கூப்பிடும் உன் அப்பா, மெட்ராஸுக்குக் கண்ணாடி வாங்கப் போனபோது பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்த மீன் அது. அப்போது என் சுண்டுவிரல் நீளம்தான். தொட்டியைச் சுத்தம் செய்கிற மீன் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அதற்கு மேல் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. வெட்டி மீந்த கண்ணாடியில் உன் அத்தா தொட்டி செய்தார். மூலையெல்லாம் லப்பம் வைத்து அடைத்தார். அது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு ஊர்வதைப் பார்த்து, பழைய லப்பத்தைச் சுரண்டுகிற தகட்டின் பெயரையே நீ அதற்கு வைத்தாய்.

என் அப்பா உங்கள் கடைக்குப் படம் வாங்க வந்தபோது தொட்டியைக் குனிந்து பார்த்தார். "இது கெளுத்தி பாய். இன்னும் கொஞ்சம் வளரட்டும், குழம்புக்கு ஜோரா இருக்கும்" என்றார். நீதான் சொன்னாய்: "கெளுத்திக்கு வழவழன்னு தோலு மாமா. இதுக்கு ஒடம்பு பூரா ஓடு. தொட்டுப் பாருங்க, உப்புத்தாள் மாதிரி இருக்கும். வாயப் பாருங்க, அடியில இருக்குது." அப்பா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என் அப்பாவிடம் ஒருவர் அப்படி எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாசியைத் தின்னும் மீனுக்கு வேறு தீனி எதற்கு என்று நாம் இருவரும் நினைத்தோமே, நினைவிருக்கிறதா? பாசி தீர்ந்து கண்ணாடி பளபளவென்று ஆனபோது சந்தோஷப்பட்டோம். ஒருநாள் அது கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது நீ தரையில் மல்லாந்து படுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாய். "வயித்தப் பாருடி, குழி விழுந்து கெடக்குது. நம்ம வேலைக்காரிக்கு நாமளே சோறு போடல" என்றாய். உடனே உன் அம்மாவின் சமையலறையிலிருந்து பீர்க்கங்காய்த் துண்டு, அதைக் கட்டக் கூழாங்கல், நூல். விடிந்தபோது நூலும் தோலும்தான் மிச்சம். பகலெல்லாம் தொட்டிக்குள் போட்டிருந்த புளியமர வேருக்குக் கீழே கல்லாகக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் தின்ன வரும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா, மலைப் படத்துக்குச் சட்டம் போட வந்தவர், தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தன் ஊரில் இதே மாதிரி வைத்திருந்தாராம். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்: "முதுகு எண்ணு. முன்னாலே பெரிய முள் வேண்டாம். ஏழு, சின்ன மீன். பத்து மேலே..." என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினார். முதுகுத் துடுப்பின் கம்பிகளை எண்ண வேண்டும், பத்துக்கு மேல் இருந்தால் முழங்கை நீளம் வளரும் என்று நாம் புரிந்துகொண்டோம்.

அந்தத் துடுப்பை விரிக்கவைக்க நாம் பட்ட பாடு! அது தானாக விரித்தால்தான் உண்டு. விரித்ததும் குடைக் கம்பி மாதிரி வரிசையாகத் தெரியும். நான் பதிமூன்று என்றேன், நீ பத்து என்றாய்.

"கணக்குல முட்டை வாங்கினவ எண்ணக் கூடாதுடி" என்றேன்.

"முன் முள்ளையும் சேத்து எண்ணுற நீ மட்டும் பெரிய கணக்குப் பிள்ளையா?"

மறுபடி எண்ணினோம். பன்னிரண்டு. நீ உன் முழங்கையைத் தொட்டியோடு வைத்து அளந்து பார்த்தாய். பிறகு, "அப்ப இது ரொம்பப் பெருசாவும். நம்ம கல்யாணம் வரைக்கும்கூட இருக்கும். யாராவது ஒருத்தி வெச்சுப் பாத்துக்கணும்" என்றாய். நீ பார்த்துக்கொள்வாய் என்றுதான் நான் நினைத்தேன்.

மஞ்சள் காமாலையில் உன் கண்கள் அப்படி ஆகியிருந்தபோதும், "பீர்க்கங்கா போட்டியா?" என்றுதான் என்னிடம் கேட்டாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீ எங்களை விட்டுப் போய்விட்டாய். உன் அத்தா தட்டுவண்டியில் தொட்டியை வைத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். "எங்க வீட்ல யாருக்கும் இதப் பாக்க முடியலம்மா" என்றார். அவர் முகத்துக்காக அப்பா அன்று மறுக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மீன் என்றால் கோயில் குளத்து மீன்தான். போன வாரம் நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, குளத்தில் போடுவது போல ஒரு கை பொரியை அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டுக் கும்பிட்டிருக்கிறார். பொரி மிதந்தது. சுரண்டிதான் மேலே வந்து தின்னாதே. ஊறி அழுகி, நான் வருவதற்குள் தண்ணீர் பால்போல் ஆகிவிட்டது. அது மேலே வந்து வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றிப் பிழைக்கவைத்தேன். ஆனால் வீடு முழுக்க நாற்றம். அப்பாவுக்குப் போதும் என்றாகிவிட்டது.

"நாளைக்குப் பௌர்ணமி. அய்யங்குளத்துல உட்டுடலாம். அந்தப் பொண்ணு பேரச் சொல்லியே உடறேன், புண்ணியம் அவளுக்குப் போவட்டும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார். அதுதான் என் வாயை அடைத்துவிட்டது.

இன்று சாயங்காலம் கிழிந்த கொசுவலையை வைத்து அதைப் பிடிக்கப் பார்த்தார். வலை கூடாது, முள் மாட்டிக்கொள்ளும், ஈரத் துணியோ சட்டியோதான் என்று நீ சொல்லியிருந்தாய். நான் சொல்வதற்குள் பக்கத் துடுப்பு இரண்டும் வலையில் சிக்கி, அது துள்ளிய துள்ளலில் தொட்டி சுவரில் இடித்து மூலை கசிய ஆரம்பித்தது. கத்தரிக்கோலை எடுத்துத் தண்ணீருக்குள்ளேயே வலையை வெட்டி விட்டேன். "காலையில பக்கெட்டோட போவுது" என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போனார்.

நான் உன் கடைக்கு ஓடினேன். நீ போன பிறகு அந்தப் படியில் கால் வைத்தது இன்றைக்குத்தான்.

"அத்தா, தொட்டி ஒழுவுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது இன்னும் உசுரோட இருக்குதா?"

"என் ஒரு சாணுக்கு மேல ஆயிடுச்சு."

ஒரு உருண்டை லப்பத்தைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். நான் படி இறங்கும்போது, "வெளிப்பக்கம் ஈரத்த நல்லாத் தொடச்சிட்டு அமுக்கணும்மா" என்றார். அமுக்கினேன். நின்றுவிட்டது.

அய்யங்குளத்தில் விட்டால் அது செத்துப் போகலாம். சாகாமலும் இருக்கலாம். ஓடும் முள்ளுமாக இருப்பதைக் கொக்கு விழுங்காது. அது முழங்கை நீளம் வளர்ந்து அடியெல்லாம் சுரண்டினால், அங்கே இருக்கும் மீன்களின் முட்டை என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை உன் பெயரைச் சொல்லிச் செய்ய விடமாட்டேன். "அது இங்க பொறந்தது இல்லடி. கொண்டாந்தவங்கதான் பாத்துக்கணும்" என்று நீ சொன்னாய்.

இதுவரை எழுதியிருந்தபோது அப்பா எழுந்து வந்துவிட்டார். தாளைப் பாவாடைக்குக் கீழே தள்ளினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சுரண்டி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு துடுப்பை முழுதாக விரித்திருந்தது. அவர் இதுவரை பகலில்தான் அதைப் பார்த்திருக்கிறார்.

"இது குளத்துக்குப் போவாதுப்பா" என்றேன். நிறுத்தாமல் முழுதாகச் சொன்னேன். "அவ பேர்ல நீங்க ஏதாவது செய்யணும்னா, பெரிய தொட்டி ஒண்ணு செஞ்சு குடுங்க."

அப்பா குனிந்து அந்தத் துடுப்பைப் பார்த்தார். "எண்ணெய வீணாக்காத. படு" என்றார். போகும்போது, தொட்டியோரம் காலைக்காக எடுத்து வைத்திருந்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தார். அது சம்மதமா, இல்லை காலையில் குளிப்பதற்கா, எனக்குத் தெரியவில்லை.

எதுவாக இருந்தாலும் விடியும்போது நான் இந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். பக்கெட் திரும்பி வந்தால் மறுபடி சொல்வேன். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம், அதைச் சொல்லியாகிவிட்டது. பெரிசாகும்வரை ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாயே, அந்த ஒருத்தி நான்தான்.

பீர்க்கங்காய் போட்டுவிட்டேன்.