வட்டமாகப் போட்ட இருபத்து நாலு கையெழுத்து

மான்மவுத் ஜங்ஷன்
3 மே 1998, ஞாயிறு

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக் கட்சி. அங்கே நீ நலமாக இருக்கவும் உன் இருமல் நலமில்லாமல் போய்ச் சேரவும் வேண்டிக்கொள்கிறேன். உன் ரிச்சர்ட்சனில் இப்போதே வெயில் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிவிட்டதாக டிவியில் காட்டினார்கள். ஆபீஸில் ஏசிக்கு நேர் கீழே உட்காராதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "அம்மா, அதர் லைன் வருது" என்பாய். காகிதத்தில் அதர் லைன் வராது. இது கொஞ்சம் நீளமான கதை. உட்கார்ந்து படி.

என் வேலை விஷயம். பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக ஒரு வருடத்துக்கு மட்டும் என்னை எடுத்தார்கள் அல்லவா, அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை என்று மார்ச்சில் தெரிந்தது. அந்த இடம் எனக்கா, வேறு யாருக்காவதா என்பதை ஏப்ரல் கடைசியில் துறைத் தலைவர் முடிவு செய்வார். டானலி என்று பெயர். ஆறடி நாலு அங்குலம், பேசினால் பூனைக்குட்டிக் குரல். நான் எவ்வளவு காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். டேகேரில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்தேன். லைப்ரரியில் புத்தகம் அடுக்கினேன். திரும்பப் படித்து சர்ட்டிஃபிகேட் வாங்கினேன். பொள்ளாச்சியில் ஒன்பது வருடம் சரித்திரம் நடத்தியவள். இங்கே அதை எழுத எந்த ஃபாரத்திலும் கட்டம் இல்லை.

ஏப்ரலில் பத்தாம் வகுப்புக்கு இங்கிலாந்தின் விவசாயிகள் கலகம் நடத்தினேன், 1381. எனக்குப் பிடித்த பாடம். கொள்ளை நோயில் பாதி ஜனம் செத்து வேலைக்கு ஆள் இல்லை, இருப்பவன் கூலி கூடக் கேட்டால் சட்டம் தடுக்கிறது, போதாததற்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி. லண்டனுக்குள் கூட்டம் நுழைகிறது. ராஜாவுக்குப் பதினாலு வயது, என் மாணவர்களைவிடச் சின்னவன். கேட்டதையெல்லாம் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறான். கூட்டம் கலைந்ததும் கொடுத்ததெல்லாம் செல்லாது என்கிறான். தலைவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்கிறார்கள். இதை எப்படி நடத்தினேன் தெரியுமா, பொள்ளாச்சியில் நடத்தியது போலவே. நோட்ஸ். காரணங்கள் ஏழு, விளைவுகள் ஐந்து. மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதினார்கள். அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமை டெஸ்ட் என்றேன். கெவின் என்று ஒரு பையன், வருடம் முழுக்க ஜன்னலைப் பார்ப்பவன், "அவ்வளவுதானா மிஸஸ் கே? நாம யோசிக்க வேண்டாமா?" என்று கேட்டான். குமாரசாமி அவர்கள் வாயில் நுழையாததால் நான் மிஸஸ் கே. வேண்டாம் என்றேன். மனசார.

ஞாயிறன்று திருத்தினேன். எழில், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்து நாலு பேப்பர். ஏழு காரணம், ஐந்து விளைவு, அதே வரிசை, ஒரு கமா பிசகவில்லை. கெவின் கூட. எல்லோருக்கும் ஏ. அப்பாவிடம் காட்டினேன், "அடேயப்பா, சென்டம் ரிசல்ட்டு" என்று அவரும் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை பெருமையாக அந்தப் பேப்பர்களை டானலி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன்.

செவ்வாய் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். வருத்தமான செய்தி, மொத்த வகுப்பும் காப்பி அடித்திருக்கிறது என்றார், மரண வீட்டில் பேசுகிற குரலில். நான் சிரித்துவிட்டேன். இல்லை சார், அது என் வாக்கியம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்கு இது அதைவிட வருத்தமான செய்தி. அந்த டெஸ்ட் செல்லாது, வேறு டெஸ்ட் வைக்க வேண்டும், அடுத்த வியாழன் வகுப்பில் வந்து உட்காருவேன், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

வகுப்பில் போய் ஏ எல்லாம் ரத்து என்றேன். ஒரே கூச்சல். "நீங்க சொன்னதைத்தானே செஞ்சோம்!" ஒருத்தி அழுதாள். கெவின் மட்டும் அமைதியாக, "என் அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டிட்டாங்க மிஸஸ் கே, பத்து வருஷத்துல முதல் ஏ" என்றான். மற்றவர்கள் கத்தியது காதில்தான் விழுந்தது.

மறுநாள் மேஜையில் ஒரு காகிதம். இனிமேல் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கக் கூடாது. எங்களைக் கேள்வி கேட்க விட வேண்டும். ஏ-யைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை ஹோம்வொர்க் கூடாது. கடைசியாக, கொடுத்த வாக்கைப் பிறகு மாற்றக் கூடாது, 1381-ல் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். கீழே கையெழுத்து இருபத்து நாலு, வட்டமாக, சூரியகாந்திப் பூ மாதிரி. முதல் பெயர் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி. ஏன் வட்டம் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. விளைவு எண் மூன்று: தலைவர்கள் பிடிபட்டனர். அதை மனப்பாடம்தான் செய்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் எனக்குத் தலைவர் யாரென்று தெரிந்தது. தமிழ்ச் சங்கத்து பர்வதம் ஆன்ட்டியின் மகள் ஹம்சா. அவள் எழுத்தை எட்டு மாதமாகத் திருத்துகிறேன், தெரியாதா. அன்று சாயங்காலமே ஆன்ட்டி போன்: "என்ன புஷ்பவல்லி, உங்க கிளாஸ்ல ஏதோ ரகளையாமே? எங்காத்து வாலு அதுல இல்லையே?" இல்லவே இல்லை, நல்ல பெண் என்றேன். அப்பா பக்கத்தில் நின்று, "நாலு பேரைப் புடிச்சு வெளிய நிறுத்து, மிச்சம் தானா அடங்கும். பொள்ளாச்சியா இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பயில்ல" என்றார். ஏற்றியிருப்பேன். அதுதான் உறுத்தியது. இரண்டு நாளாக அந்தப் பெண்ணைத்தான் மனதுக்குள் விசாரித்துக்கொண்டிருந்தேன். டானலி காதிலும் காகித விஷயம் விழுந்திருந்தது. யார் எழுதியது தெரியுமா என்று கேட்டார். வட்டமாக இருக்கிறது சார், தெரியவில்லை என்றேன். வேலை வேண்டும் என்று நிற்கிறவள் சொல்லக்கூடிய பொய் இல்லை. சொன்னேன்.

வியாழன் வந்தது. டானலி கடைசி வரிசையில், சின்ன நாற்காலியில், முட்டி தாடையில் இடிக்க. நான் நோட்ஸ் எடுத்துப் போகவில்லை. கை காலியாக இருந்ததே பயமாக இருந்தது. அந்தக் காகிதத்தைப் புரொஜெக்டரில் போட்டேன். ஹம்சா மேஜையைப் பார்த்தாள். நீங்கள் கலகக்காரர்கள், நான் ராஜாவின் சபை, ஒவ்வொன்றாக வாதாடுங்கள் என்றேன். கெவின்தான் முதலில் கை தூக்கினான். "நீங்க ஒத்துக்கிட்டு, அவர் வெளிய போனதும் மாத்தினா?" என்று டானலியைக் காட்டினான். நல்ல கேள்வி, அந்த விவசாயிகள் இதை ஏன் ராஜாவிடம் கேட்கவில்லை என்றேன். அவ்வளவுதான். நாற்பது நிமிடம் சண்டை. ராஜாவை நம்பியது முட்டாள்தனம் என்று ஒரு பாதி, நம்பாமல் வேறு என்ன செய்வது என்று ஒரு பாதி. ஹம்சா எழுந்து நின்று, "எழுதிக் கொடுத்தா மட்டும் போதாது, அதை யார் காப்பாத்துவாங்கன்னும் எழுதணும்" என்றாள், முகம் சிவக்க. எனக்குக் காரணங்கள் ஏழுதான் தெரியும். அவர்கள் பதினொன்று சொன்னார்கள். இரண்டு தப்பு. பரவாயில்லை.

நோட்ஸை நிறுத்த ஒப்புக்கொண்டேன். கேள்வி, சரி. ஏ-யைத் தர முடியாது, அது உங்களுடையது அல்ல, என்னுடையது, தப்பும் என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஹோம்வொர்க் உண்டு, அதில் சபை இறங்கி வராது. கையெழுத்துப் போட்டேன். சாட்சி வேண்டும் என்று கெவின் கடைசி வரிசைக்குப் போய்ப் பேனாவை நீட்டினான். டானலி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் போட்டார்.

அந்த நாள் போய்ப் பத்து நாள் ஆகிறது. புது டெஸ்டில் இருபத்து நாலும் வேறு வேறு, திருத்த நான்கு சாயங்காலம் பிடித்தது. ஏ ஆறு பேருக்குத்தான். கெவினுக்கு சி பிளஸ். ஏன் சி பிளஸ் என்று பதினைந்து நிமிடம் என்னோடு வாதாடினான், தோற்றான், மறுநாள் இன்னும் ஒரு காரணத்தோடு வந்தான். முந்தாநாள் டானலியின் கடிதம் வந்தது. அடுத்த வருடம் வேலை உண்டு எழில். கீழே ஒரு குறிப்பு, மிஸஸ் குமாரசாமி வகுப்பில் குறைவாகப் பேசினால் இன்னும் நல்லது. அப்பா அதைச் சத்தமாக இரண்டு தரம் படித்தார். "இருபத்தஞ்சு வருசமா எனக்குச் சொல்ல தைரியம் வரலை, அந்த மனுசன் லெட்டர்ஹெட்லயே போட்டுட்டாரு" என்கிறார்.

இனி உன் விஷயம். இந்த வாரம் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நான் நலம், நீங்கள் நலமா, வேலை நன்றாகப் போகிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நாலு வரி. எல்லாக் கடிதத்திலும் அதே நாலு வரி. நீ எட்டாவது படிக்கும்போது ஊருக்குக் கடிதம் எழுத நான் சொல்லிக் கொடுத்தது, ஒரு கமா பிசகவில்லை. அதையெல்லாம் படித்து என் பெண் நன்றாக இருக்கிறாள் என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இந்தத் தடவை நான் சொல்லித் தராததை எழுது கண்ணு. தமிழ் வராவிட்டால் இங்கிலீஷில் எழுது. சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்று எழுது. திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். அப்பா சாட்சி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார், பார்.

உடம்பும் மனசும் நிறைந்து நன்றாக இரு. எண்ணெய் மாற்ற காரை இந்த வாரமே கொண்டுபோ, மறக்காதே.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
புஷ்பவல்லி

(சாட்சி: கு. குமாரசாமி)