பெயர்கள் மட்டும் நகர்ந்துவிட்டன

2, ஞாயிறு

எழுந்ததும் மடிக்கணினியைச் சார்ஜில் போட்டேன். பல் விளக்கியது அப்புறம். விடிய விடிய மழை. தோட்டத்து லய வீடுகளில் இணையம் போய்விட்டது. பரவாயில்லை. இந்த இலவச ஆபிஸ் மென்பொருளுக்கு இணையம் வேண்டாம். பழையது சந்தா கட்டச் சொல்லிப் பூட்டிக்கொண்ட பிறகு, பாலர் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் தோழி பென்டிரைவில் கொடுத்தது. அட்டவணை பழகிவிட்டது.

தோட்டத்தை வாங்கியவர்கள் இடுகாட்டைக் காலி செய்கிறார்கள். எலும்புகள் புது இடத்துக்குப் போகும், பட்டியல்படி பெயர்ப்பலகையோடு. பட்டியல் என் பொறுப்பு. 64 குழிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ரப்பர்ப் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்று கவிழ்த்து, அதன்மேல் சிவப்புச் சாயத்தில் எண்.

பத்து மணிக்கு அண்ணன். கோயில் தலைவர் என்பதால் அவசரம். "பேரெல்லாம் வரிசையா இருக்கணும்மா. ஆபிசர் கேட்டாரு."

ஒரே அழுத்தில் வரிசை. பென்டிரைவை வாங்கிக்கொண்டு போனார். பீடோங் டவுனில் அச்சடித்து, மதியமே நில அலுவலகத்தில் கொடுத்தாயிற்று; இங்கே ஞாயிறு அலுவலக நாள்தான். அதிகாரியோடு கைகுலுக்கும் படம் வேறு.

துணி காயவில்லை.

3, திங்கள்

வெயில். பள்ளி விட்டு வந்தால் வாசலில் முனியம்மாக்கா. "என் வீட்டுக்காரரு எத்தனாவது நம்பரு?"

பட்டியலில் 12.

"பன்னெண்டு சின்னப் புள்ள குழிலா! செத்தப்புறம் அவ்ளோ இளைச்சிட்டாரா மனுசன்?" சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் பட்டியலை முழுசாகப் பார்த்தேன்.

எண்கள் இருந்த இடத்திலேயே. பெயர்கள் மட்டும் இடம் மாறி. பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கட்டுமா என்று அது கேட்டது. நன்றாக நினைவிருக்கிறது. படிக்காமல் அழுத்தியவள் நான். அதன்மேலேயே சேமித்தும் விட்டேன். கணினியில் வேறு பிரதி கிடையாது.

கையால் எழுதிய நோட்டோடு ஒப்பிட்டால், 64இல் சரியாக நிற்பவை மூன்று. அப்பா யாரோ ஒரு பாட்டியின் பெயரில்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

4, செவ்வாய்

விடுப்பு. எடுத்துப் போனவை: முதலில் குறித்த நோட்டு, தொப்பி, தண்ணீர், கொசு மருந்து, சாய டின். கூட முனியம்மாக்கா.

காட்டுப்பன்றி இரண்டு மங்குகளை உருட்டியிருந்தது. அக்காவுக்கு மங்கே தேவையில்லை. "இது உங்கப்பா. பக்கத்துல அவரு சண்டைக்காரரு. செத்தும் அக்கம்பக்கம்தான், பாத்தியா?"

வீட்டுக்காரர் 37. அக்கா அங்கே மட்டும் குனிந்தார். புல்லைப் பிடுங்கினார்.

மதியம் முழுக்க மறுபடி தட்டச்சு. கழுத்து வலி. இந்த முறை கேள்வியைப் படித்தேன், இரண்டு தடவை. எல்லாப் பத்திகளும் சேர்ந்தே நகர்ந்தன. நோட்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். மூன்று பிரதிகள், மூன்று இடங்களில்.

5, புதன்

மேகமூட்டம். மாலை அண்ணன் வீடு. புதுப் பட்டியலைத் தொடக்கூட இல்லை.

"ஞாயித்துக்கெழம தோண்டுறாங்க. இப்பப் போயி தப்புன்னு சொன்னா கோயிலு மானம் போயிடும்லா."

"ஆளு மாறிடுவாங்களே அண்ணே."

"எலும்புல பேரா எழுதியிருக்கு? எல்லாருக்கும் சேத்து ஒரே பூசை போட்டுடலாம்."

"அப்பாவுக்குமா?"

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு: "நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

பார்க்கமாட்டார். கெட்டவர் இல்லை, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கத் தெரியாதவர். அண்ணி கொடுத்த தேநீரில் சீனி அதிகம். குடித்துவிட்டு வந்தேன்.

முனியம்மாக்கா இனிமேல் எந்தப் பலகை முன்னால் நிற்பார்?

வெள்ளி, சனி அலுவலகம் கிடையாது. நாளை ஒரு நாள்தான்.

கடிதம் மலாயில், ஒரு பக்கம். 'பட்டியலைத் தயாரித்தவள் நான். தவறு என்னுடையது. கோயில் குழுவுக்கு இதில் பங்கில்லை.' கீழே என் பெயர், அடையாள அட்டை எண். எட்டு மணிக்கு அவர்கள் கதவைத் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். புதுப் பட்டியலைக் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்காமல் வரமாட்டேன். அண்ணனுக்கு அதற்கப்புறம் தெரிந்தால் போதும்.