சந்தை மூடியிருந்த இரண்டு மணி நேரம்

செவ்வாய், இரவு.

கிள்ளானிலிருந்து கொழுந்தன் சேகர் வந்திருந்தான். நான் எழுதும் பங்கு வர்த்தகக் கணினி நிரல் தினமும் சரியாக மதியம் இரண்டரைக்கு "வாங்கு" என்று சொல்வதைப் பார்த்துச் சிரித்தான்.

"மெஷினும் சோறு தின்னுட்டுத் தூங்குது போல, அண்ணி! அடுத்த வருஷம் உங்களுக்கு வர்ற சேமநிதி காசை என் புரோக்கர்கிட்ட குடுத்துருங்க லா."

இவர் தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அவன் போனதும் பிழையைக் கண்டுபிடித்தேன். மதியம் இரண்டரை வரை சந்தை மூடிக்கிடக்கும் இரண்டு மணி நேரத்தையும், விலை அசையாத நேரமென்று நகரும் சராசரியில், அதாவது கடைசிச் சில மணி நேர விலைகளின் சராசரியில், சேர்த்திருக்கிறேன்; அதனால் சந்தை திறந்து விலை துளி ஏறினாலும் வாங்கச் சொல்கிறது. அதை நீக்கிவிட்டுப் பழைய விலைகளில் சோதித்தால் லாபம் பாதியாகிவிட்டது. ஆகட்டும். ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியும். புரோக்கர் தோற்றால் சேகருக்குக் காரணம் தெரியுமா?

காசைக் கொடுக்க மாட்டேன். இவரே கேட்டாலும்.