ஆறாம் நாள் தலையெண்ணிக்கை

அன்பு மகள் லின்ஸிக்கு, கைதத்துருத்திலிருந்து அப்பச்சன் எழுதுவது. ஆண்டவர் காப்பில் நானும் ரோஸ்மியும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஜோபியும் அந்தக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் சாயங்கால ஜெபத்தில் கேட்கிறோம், உன் மகள் அதோடு சேர்த்து ஒரு சைக்கிளும் கேட்கிறாள். நேற்றுக்கூடப் போனில் பேசினவன் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனைப் பிடித்துக்கொண்டிருப்பது ரோஸ்மி. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவள் முகம் என் தோளுக்கு மேலே வந்துவிடுகிறது, நான் சொல்ல வேண்டியதோ அவள் காதில் விழக் கூடாதது. உன் தோழி பெட்ஸி லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிறாள், மீன் ஊறுகாயும் வறுத்த பலாச்சுளையும் அவள் பெட்டியில் வருகின்றன, அதற்கடியில் இந்தக் கவரும் வரும். டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் பிரிக்காதே, உட்கார்ந்து படி.

வாராவாரம் நீ கேட்கிறாய், அப்பச்சா டி.சி. வாங்கியாச்சா என்று. ஒரு வாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஊரில் இல்லை என்றேன், ஒரு வாரம் சீல் காணவில்லை என்றேன், அப்புறம் கோடை லீவு என்றேன். எல்லாம் பொய். ஹெட்மிஸ்ட்ரஸ் சுமங்கலா டீச்சர் ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை, சீல் அவர் மேசை டிராயரில்தான் இருக்கிறது. நான்தான் போய்க் கேட்கவில்லை. கேட்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன், அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் பி.டி.ஏ. தலைவராகத் திரும்பி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். அன்றைக்கு நல்ல மழை, நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே ஓடு ஒழுகி வழுக்கைத் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, நாற்காலியை நகர்த்தலாம் என்று எழுந்தேன். புதுத் தலைவர் யார் என்று சுமங்கலா டீச்சர் கேட்டுவிட்டு எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. “ஆங், சாக்கோச்சன் சார் எந்திரிச்சாச்சு, கை தட்டுங்க” என்றார். தட்டிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் கண் விழிக்கும் முன்னால் போனில் செய்தி வந்துவிடும், நாளை எல்லாரும் நகம் வெட்டி வரவும், குடையில் பெயர் எழுதவும், தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து அனுப்பவும், பேன் பார்க்கவும், செம்பருத்தி இலை ஒன்று கொண்டுவரவும். தலைவர் என்பதால் எல்லாவற்றுக்கும் நான்தான் முதலில் போனில் கும்பிடு படம் போட வேண்டும், நான் போடாவிட்டால் வேறு ஒருவரும் போடுவதில்லை. ஊரில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்பது வரை எனக்குத் தெரிகிறது. எப்போதடா இதிலிருந்து தப்பிப்போம் என்று நான் புலம்பாத நாள் இல்லை.

பிரச்சினை ஏப்ரலில்தான் வந்தது. நம் பள்ளிக்கூடத்தின் நிலைமை நீ இருந்தபோது மாதிரி இல்லை, படகுத்துறை முழுக்க ஆலப்புழை இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களின் படகுதான் காலையில் நிற்கிறது. பிள்ளை பிடிக்க டீச்சர்கள் வீடு வீடாகப் போனார்கள், தலைவர் என்று என்னையும் முன்னால் விட்டார்கள். ரெஞ்சினி டீச்சரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். சேலையை முட்டி வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்புச் சேற்றில் எனக்கு முன்னே நடப்பார், பள்ளி நாட்களில் துறையில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் படகிலிருந்து கையைப் பிடித்து இறக்குகிறவரும் அவர்தான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று மாற்று ஜட்டி பையில் வைத்திருப்பார். ஜூன் முதல் தேதி பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள், அன்றைக்கு பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் எத்தனை டீச்சர் என்று முடிவாகும். ஒரு தலை குறைந்தால் ரெஞ்சினி டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வாத்து மேய்க்கிற உத்தமன் தன் இரட்டைப் பையன்களை ஆலப்புழையில் சேர்க்கப் பணமே கட்டிவிட்டான். அவன் முற்றத்தில் நின்று நான் அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் அவன், “சாரே, சுத்தி வளைக்காதீங்க. உங்க பேத்தி இங்கதான் படிக்குமா, இல்ல எங்க பிள்ளைங்களை மட்டும் இங்க தள்ளிட்டு அதை வேற எங்கயாச்சும் அனுப்புவீங்களா?” என்று கேட்டான். ரோஸ்மி இங்கேதான் என்று சொன்னேன். உன் விசா சமாச்சாரம் அப்போது கைக்கு வந்திருந்தது, தெரிந்தேதான் சொன்னேன், பக்கத்தில் ரெஞ்சினி டீச்சர் நின்றுகொண்டிருந்தார் மோளே, வேறு என்ன சொல்ல முடியும். “மாத்தினீங்கன்னு தெரிஞ்சா என் வாத்து மொத்தத்தையும் உங்க முற்றத்துல விட்டுட்டுப் போயிருவேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மறுநாள் ஆலப்புழை போய்ப் பணத்தைத் திருப்பி வாங்கி வந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள், ரோஸ்மியையும் சேர்த்தால்தான் கணக்குச் சரியாக நின்றது.

நீ எடுத்திருக்கிற டிக்கெட் பள்ளி திறக்கிற வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு. தலை எண்ணுவது மறுநாள் திங்கட்கிழமை. காலண்டரை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஞாயிறுக்கு அப்புறம்தான் திங்கள் வருகிறது. அவளை அனுப்பினால் டீச்சர் வேலை போகும், அனுப்பாமல் வைத்தால் இரண்டு வருடமாகப் பிள்ளையைப் போனில் மட்டும் பார்க்கிற உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்குக்கூட பி.டி.ஏ. கிடையாது.

முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் ஓடு மாற்றுகிற வேலை, போயிருந்தேன். சுமங்கலா டீச்சர் என்னை ஆபீஸுக்குள் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். டி.சி.! கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது, தேதி மட்டும் இல்லை. “ரோஸ்மிக் கொச்சு போன மாசமே எங்கிட்ட சொல்லிட்டா சாரே. டீச்சர், நான் அம்மாகிட்ட போறேன், யார்கிட்டயும் சொல்லிராதீங்க, வல்யப்பச்சன் பாவம், கேக்க வெக்கப்படுறாருன்னு சொன்னா. நீங்களா வந்து கேப்பீங்கன்னு பாத்தேன், வரல. கொண்டுபோங்க. அம்மாகிட்ட போற குழந்தையைப் பிடிச்சு வெச்சு நடத்துற பள்ளிக்கூடம் நமக்கு வேணாம்” என்றார். “அப்ப ரெஞ்சினி டீச்சர்...” என்று இழுத்தேன். “அதை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெஞ்சியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், திட்டியிருந்தால் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்திருப்பேன். அவர் இரண்டும் செய்யாமல் கையில் கொடுத்துவிட்டார், நான் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நான் வெளியே வரும்போது பின்னாலிருந்து, “இனிமே நீங்களும் ஃப்ரீ சாரே, பிள்ளை படிக்காதவங்க தலைவரா இருக்க முடியாது, சட்டம்” என்று சிரித்தார். ஒரு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் உத்தமனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டான், தலை நிமிரவில்லை. வாத்துகள் போடுகிற சத்தத்தில் நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே சந்தேகம் வந்தது. பிறகு சொன்னான், “ஆலப்புழைக்குப் போனா துரோகம். அம்மாகிட்ட போறதுக்கு நான் யாரு குறுக்க நிக்க? என் பசங்க இங்கயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, திங்கக்கிழமை உங்க கொச்சு பெஞ்சுல இருக்கணும். இல்லேன்னா வாத்து வரும்.” அவன் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது.

அதனால் லின்ஸி, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டைக் கான்சல் செய். பெட்ஸியின் நாத்தனார் ரோஸ்மியைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது, அவள் தேதியை மாற்ற மாட்டாள், நீ அதைத்தான் முதலில் சொல்வாய், தெரியும். நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். போன வருடம் நீ பிடிவாதம் பிடித்து எடுத்துக் கொடுத்த விசா என் பாஸ்போர்ட்டில் சும்மாதான் கிடக்கிறது, இன்னும் காலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போடு. உன்னை வழியனுப்ப நெடும்பாசேரி விமான நிலைய வாசல் வரைக்கும் போனதுதான் நான் செய்த பெரிய யாத்திரை, விமானம் என்றாலே எனக்குப் பயம், அதை உன் மகளிடம் சொல்லாதே. திங்கட்கிழமை தலை எண்ணி முடித்ததும் டி.சி.யில் தேதி போட்டு வாங்கிக்கொள்வேன்.

நீயும் ஜோபியும் ஒற்றுமையாக இருங்கள், நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். ஞாபகத்துக்கு இரண்டு விஷயம், இப்போதெல்லாம் எனக்கும் சுமங்கலா டீச்சர் மாதிரியே எழுத வருகிறது. ரோஸ்மிக்குக் காலில் ஒரு அளவு கூடியிருக்கிறது, ஷூவைப் பெரிதாக வாங்கவும். எனக்குத் திரும்பி வருகிற டிக்கெட்டை இப்போது எடுக்க வேண்டாம். பள்ளிப் படகுக்கு நேரமாகிவிட்டது எழுந்திரு வல்யப்பச்சா என்று தினமும் என் காதைப் பிடித்து எழுப்புகிறவள் அங்கே வந்த பிறகு, நான் இங்கே எதற்காக எழுந்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

முத்தங்களுடன்,
உன் அப்பச்சன் சாக்கோ,
பி.டி.ஏ. தலைவர் (திங்கட்கிழமை வரை)